தையல் மிஷின் போன வீடு

"மா, ஒரு பெஞ்சு இருந்தா எடுங்க. குளுப்பாட்டணும் இல்ல? தரையில வெச்சிகினு இன்னா பண்றது?"

பாடை கட்ட வந்த ஆள் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, ஸ்வர்ணலதா அப்பாவின் வீட்டுக்குள் இன்னொரு முறை போய்த் தேடுவதுபோல் நடந்தாள். தேட என்ன இருக்கிறது? கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உள் அறையில் ஒரு கட்டில், சமையலறையில் ஒரு ஆளுக்கு வேண்டிய பாத்திரம். சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளைக்கூட அவளே நின்று பூசச் சொல்லியிருந்தாள். பெஞ்சு இல்லை, குடம் இல்லை, வாய்க்கரிசி வைக்க ஒரு முறம் இல்லை. எல்லாவற்றையும் ஏழு மாதத்துக்கு முன்னால் வெளியே அனுப்பியவள் அவள்தான்.

அப்பா ராஜவேலு கூடத்தில் பாய்மேல் கிடந்தார். மின்சார வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. நேற்று மதியம் மூன்றரை மணிக்கு, இரண்டு தெரு தள்ளி, சுபத்ரா என்கிற தையல்காரப் பெண்ணின் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று ஸ்வர்ணலதாவுக்குத் தெரியவில்லை. கணவன் சுதாகரோடு வேலூரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து கேட்க வாயெடுப்பாள்; அதற்குள் யாராவது மாலையோடு வந்து நின்றுவிடுவார்கள்.

தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த சின்னக்கண்ணு அத்தை, அப்பாவின் தங்கை, அழுது முடித்த கையோடு திட்டத் தொடங்கியிருந்தாள்.

"எங்கண்ணன் இருந்த வூடாடி இது? வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிகினு போன மாரி இருக்குது. தண்ணி ஊத்த ஒரு சொம்பு உண்டா? நீயும் உன் பேச்சும்!"

"அத்த, எல்லாரும் இருக்காங்க. சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன். அதான் இந்த கதி."

அத்தை சொன்ன அந்தப் பேச்சு என்னவென்றால், ஸ்வர்ணலதா வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பென்ஷன்தாரர் சங்கங்களுக்குப் போய் 'கைவீசி நடப்போம்' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசுவாள். வயதான காலத்தில் வீட்டில் சேர்ந்துபோன சாமான்களை எப்படிக் குறைப்பது, இருப்பதில் எதை வைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம். நன்றாகவே பேசுவாள், அதில் பொய்யில்லை. "ஆறாவது அண்டாவுல யாருக்குங்க சோறு ஆக்கப் போறீங்க?" என்று கேட்டால் மண்டபமே சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள், "நாளைக்கு நீங்க இல்லாதப்ப இதையெல்லாம் எடுத்துப்போட உங்க புள்ளைங்க எத்தன நாள் லீவு போடணும்?" என்பாள். சிரித்த அத்தனை பேரும் கப்சிப். கண்ணமங்கலத்தில் ஒரு பெரியவர் மறுநாளே மூன்று பீரோவைக் காலி செய்துவிட்டுப் போன் போட்டு நன்றி சொன்னார்.

அப்பாவின் ஊரான ஆரணியில் அவள் பேசிய அன்று அவர் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மகள் மைக் பிடித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும், "நம்ம வூட்லயே ஆரம்பிச்சிடு மா. ஊருக்குச் சொல்லிட்டு நம்ம வூட்ட வுட்டா நல்லா இருக்குமா?" என்றார். மே மாத லீவில் பத்து நாள் உட்கார்ந்து இருவருமாக வீட்டைக் காலி செய்தார்கள். அப்பா சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொடுத்தார். பெஞ்சு, குடங்கள், சுவர்க் கடிகாரம், அம்மாவின் சாமான்கள் எல்லாம் சங்கத்தின் மூலம் ஊருக்குள் போயின. எது யாருக்குப் போனதென்று ஸ்வர்ணலதா கேட்டுக்கொள்ளவில்லை. யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் மனசும் பின்னாலேயே போகும் என்பது அவள் கூட்டத்தில் சொல்கிற இன்னொரு யோசனை.

அப்பா தயங்கியது ஒரே ஒரு இடத்தில்தான். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன அம்மா அபிதகுசாம்பாளின் தையல் மிஷின். காலால் மிதிக்கிற பழைய மிஷின். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "இது மட்டும் இருக்கட்டுமா மா?" என்றார்.

"அப்பா, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

அப்பா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். மிஷின் மறுநாள் போய்விட்டது. அடுத்து பேசிய நாலு கூட்டங்களில் ஸ்வர்ணலதா இதை அப்படியே சொன்னாள், நாலிலும் கைதட்டல் வந்தது.

வாசலில், "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று சத்தம் கேட்டது. அப்பாவோடு வேலை பார்த்தவரும் சங்கத்தின் செயலாளருமான கமலக்கண்ணன், இரண்டு பேர் பிடிக்க ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து இறக்கினார். தோள் துண்டால் துடைத்தார்.

"உங்களுதுதான் மா. டீக்கடைக்குக் குடுத்தோம் இல்ல, அது."

"தேங்க்ஸ் மாமா."

"தெனம் காலையில வந்து இதுலதான் ஒக்காருவாரு. வேற பெஞ்சு காலியா கெடந்தாலும் ஒக்கார மாட்டாரு. இதுல ஆளு இருந்தா எழுந்திருக்கற வரைக்கும் நின்னுகினே டீ குடிப்பாரு. டீக்கடைக்காரன் இத வெச்சி அவர ஓட்டிகினே இருப்பான்."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துபோய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

பின்னாலேயே எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி பித்தளைக் குடத்தில் தண்ணீரோடு வந்தாள். "இது நீங்க குடுத்ததுதான் க்கா. வெள்ளிக்கெழம ஆனா வந்துடுவாரு. புளி போட்டுத் தேச்சியா மான்னு கேப்பாரு. நான் தேக்கலன்னா அவரே கெணத்தடியில ஒக்காந்து தேச்சிக் குடுப்பாரு. பேஜாரா இருக்கும் எனக்கு, பெரியவர வேல வாங்கற மாரி." பிறகு முறம் வந்தது, படி வந்தது, சொம்பு வந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் அப்பா வந்துபோன கதை ஒன்று இருந்தது. சுவர்க் கடிகாரம் போன வீட்டில் சாவி கொடுக்கிற வேலையை அவர் யாரையும் செய்ய விடவில்லையாம்.

திட்டிக்கொண்டிருந்த அத்தை இதையெல்லாம் கேட்டுவிட்டு ஓய்ந்துபோனாள். "எல்லாத்தையும் குடுத்துட்டு, அதுங்க பின்னாலயே சுத்திகினு இருந்திருக்கான்டி எங்கண்ணன்" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்வர்ணலதாவுக்கு முகம் எரிந்தது. வாரா வாரம் போன் பேசியிருக்கிறாள். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே இந்த மனிதர்! 'வூடு நல்லா வெளிச்சமா இருக்குது மா' என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். துக்கத்துக்கு வந்த சங்கத்துப் பெரியவர் ஒருவர் அவள் கையைப் பிடித்து, "போறப்பகூட பாருங்க டீச்சர், யாருக்கும் ஒரு சொம கூட வெக்காம போயிட்டாரு" என்றார். மேடையில் சொல்வதுபோலவே அவளுக்கு "நன்றிங்க" என்று வந்தது. காலையிலிருந்து அவள் அழவில்லை. டீச்சர் தைரியசாலி என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் தெருவில் எதிர்ச் சுவரோரம் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தாள். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். கையில் மாலை. உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றவளைக் காட்டி இரண்டு பேர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்வர்ணலதா இறங்கி அவளிடம் போனாள்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள் அந்தப் பெண், எடுத்த எடுப்பில்.

"நீதான் சுபத்ராவா? யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லல மா. அப்பா எதுக்கு அங்க வந்தாரு?"

"மிஷினுக்குதான் க்கா. அம்மாவோட மிஷினு. எனக்குத்தான் குடுத்தாங்க."

"மிஷினுக்கா?" என்றாள் ஸ்வர்ணலதா.

"தெனம் மூணு மணிக்கு வருவாரு. எண்ண வுடுவாரு, பெல்ட்டப் பாப்பாரு. அப்பறம் சேர்ல ஒக்காந்துகினு, 'நீ தை மா, என்னப் பாக்காத'ன்னுவாரு. அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவாரு. 'வூட்ல தூக்கமே வர்ல, ஒரே அமைதியா இருக்குது'ன்னுவாரு. மோட்டார் போடலாம்னு இருந்தேன். 'சத்தம் மாறிடும் மா, கொஞ்ச நாள் பொறுத்துக்க'ன்னாரு. அவருக்காவதான் போடல."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான். எப்பவும் நான் மிஷின நிறுத்துனா டக்குனு முழிச்சிக்குவாரு. முடிஞ்சிதா மான்னு கேப்பாரு. நேத்து அர மணி நேரமா வுடாம தச்சிகினு இருந்தேன். நல்லா தூங்கறாரு, பாவம்னு நெனச்சிகினே தச்சேன். நூலு மாத்த நிறுத்துனேன்." சுபத்ரா மாலையைப் பார்த்தாள். "அவரு முழிக்கல க்கா."

"இன்னா தச்சிகினு இருந்தே?"

இதை ஏன் கேட்டோம் என்று ஸ்வர்ணலதாவுக்கே தெரியவில்லை.

"கல்யாண ஜாக்கெட்டு. கை ஜாயிண்ட் பண்ணிகினு இருந்தேன்."

ஸ்வர்ணலதா தலையாட்டினாள். அவள் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப்போய் மாலையைப் போட வைத்தாள். உங்களுக்குத் தைக்கத் தெரியுமா, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா என்று தன் குரலே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இருக்கட்டும் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அந்த மூலையில் அது நின்றிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். சுதாகர் கொள்ளிச்சட்டி தூக்கினான். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் பெஞ்சும் குடமும் முறமும் வந்த வழியே திரும்பிப் போயின. கமலக்கண்ணன் மட்டும், "ஏதாவது ஒண்ண வெச்சிக்கிறியா மா?" என்று கேட்டார். ஸ்வர்ணலதா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். என்ன முகத்தோடு கேட்பது என்று இருந்தது அவளுக்கு.

பொழுது சாய்ந்ததும் அத்தை இரண்டு அகல்விளக்கை எடுத்து எண்ணெய் ஊற்றினாள். "ஒண்ணு தல வெச்ச எடத்துல. இன்னொண்ணு உயிரு பிரிஞ்ச எடத்துல வெக்கணும். அந்தப் பொண்ணு ஒத்துக்குமான்னு தெரியல. கல்யாணத் துணி வந்து போற எடம். கேட்டுப் பாரு. வேணான்னா ஒண்ணும் பேசாத வந்துடு."

ஸ்வர்ணலதா விளக்கைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நடந்தாள். தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏதோ வீட்டில் டிவி, ஏதோ வீட்டில் தாளிக்கிற வாசனை. தினம் மூன்று மணி வெயிலில் அப்பா இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுபத்ராவின் வீடு ஒரே அறை. ஜன்னலோரம் மிஷின், அதன் அருகில் நாற்காலி. கேட்கிற சிரமத்தையே அவள் வைக்கவில்லை. விளக்கைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அது இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். ஸ்வர்ணலதா விளக்கை வைத்துத் திரியைத் தூண்டினாள்.

"மிஷின எடுத்துகினு போயிடுங்கக்கா" என்றாள் சுபத்ரா. "நான் வேற பாத்துக்கறேன்."

"எனக்கும் தைக்கத் தெரியாது மா."

சுபத்ரா மிஷின்மேல் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். தயங்கித் தயங்கி, "காலையில அந்த ஜாக்கெட் குடுத்தாவணும். பொண்ணு வூட்ல ஜல்தி ஜல்தின்னு போன் பண்ணிகினே இருக்காங்க. வெளக்கு எரியறப்ப தச்சா தப்பாக்கா?" என்று கேட்டாள்.

"தப்பில்ல. தை."

ஸ்வர்ணலதா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மிஷின் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம்! பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கூடத்தில் அம்மா தைத்துக்கொண்டிருப்பாள். ராத்திரியெல்லாம் கம்பம் ஏறிவிட்டு வந்த அப்பா பக்கத்திலேயே துண்டை விரித்துப் போட்டுத் தூங்குவார். மெதுவாப் போடி, அப்பா தூங்கறாரு என்று அம்மா சைகை காட்டுவாள். தான் போட்ட சத்தம் மட்டும் அவருக்குத் தொந்தரவு என்றும் மிஷின் போடுகிற சத்தம் தொந்தரவில்லை என்றும் அப்போது அவளுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

அழாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மிஷின் வேகம் எடுத்ததும் அவளுக்கு முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. "அப்பா, அப்பா" என்று வாய்விட்டு அழுதாள்.

சுபத்ரா திரும்பிப் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கை முடிந்தது. ஜாக்கெட்டை மிஷினிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள். பிறகு, காலைப் பெடலிலிருந்து எடுக்காமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடி மிதித்துக்கொண்டே இருந்தாள். துணியும் நூலும் இல்லாமல் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.