‘யாரால்?’ என்ற நிரல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பலாலி வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது ஆழ்வாப்பிள்ளையின் கணக்காளர் அலுவலகம். ஊரிலுள்ள சங்கங்களுக்கும் கடைகளுக்கும் கணக்கெழுதிக் கொடுக்கிற இடம். வேலை செய்கிறவர்கள் பிழை விட்டால் ஆழ்வாப்பிள்ளை பொறுத்துக்கொள்வார். யார் விட்டது என்று தெரியாவிட்டால்தான் மனிதருக்கு மத்தியானச் சோறு இறங்காது. அதற்கென்றே பச்சை மட்டை போட்ட ஒரு கொப்பி வைத்திருந்தார். திகதி, வாடிக்கையாளர், பிழை என்று நிரல் நிரலாகக் கோடு கீறி, கடைசி நிரலுக்கு ‘யாரால்?’ என்று தலைப்புப் போட்டிருந்தார். நாலு வருடமாக அந்தக் கடைசி நிரலில் ஒரே பெயர்தான் இருந்தது. டிலக்ஷன்.

டிலக்ஷன் கனடாவுக்குப் போயும் நாலு வருடம். போகுமுன் அந்த அலுவலகத்துக் கணக்குகளுக்கெல்லாம் கொம்பியூட்டரில் அட்டவணை செய்து வைத்துவிட்டுப் போயிருந்தான். நல்ல பிள்ளை, எல்லோருக்கும் சுகமாக இருக்கட்டும் என்று செய்தான். சுகமாகத்தான் இருந்தது. ஒரு தொகை பிழைத்தால் ‘டிலக்ஷன்ரை ஷீற் அப்பிடி’ என்று சொன்னால் போதும். ஆள் இல்லை, மறுத்துக் கதைக்கவும் மாட்டான். தலைமை எழுதுவினைஞர் சீவரத்தினம்தான் இதை முதலில் கண்டுபிடித்தவர். பிறகு பத்மாசினி பழகினாள், அவளைப் பார்த்துச் சூசைதாசனும் பழகினான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு பை நிறையச் சொக்லேற்றுடன் படியேறி வந்து நின்றான்.

“என்ன அண்ணை, சுகமோ? நரை கூடிப்போச்சு!”

சீவரத்தினம் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அட தம்பி... வாரும், வாரும், இரும்” என்றார். பத்மாசினி எழுந்து கதிரையைத் துடைத்தாள். சூசைதாசன் தேத்தண்ணிக்கு ஓடினான். அந்த அலுவலகத்தில் யாரும் அப்படி உபசரிக்கப்பட்டதில்லை.

டிலக்ஷன் வந்த காரியத்தைச் சொன்னான். ரொறன்ரோவில் ஒரு நல்ல கணக்காளர் நிறுவனத்தில் வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு சேவைக் கடிதம் கேட்கிறார்கள். இப்போது களஞ்சியம் ஒன்றில் பெட்டி தூக்குகிறான், முதுகு பிடித்துவிட்டது, இந்தக் கடிதம் கிடைத்தால் மேசை வேலைக்கு வந்துவிடலாம்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஆழ்வாப்பிள்ளை பச்சைக் கொப்பியோடு வெளியே வந்தார். நீதிமான். நேரே கதைத்துவிடுவார்.

“தம்பி, உம்மிலை எனக்குப் பட்சம் இருக்கு. ஆனால் இதைப் பாரும். பத்துப் பிழை. பத்தும் உம்மடை ஷீற்றாலை வந்தது. இதை வைச்சுக்கொண்டு ‘திறமையான சேவை’ எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?”

டிலக்ஷன் கொப்பியை வாங்கி வாசித்தான். சீவரத்தினம் மேசையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அந்தப் பத்தில் ஐந்து அவருடையவை.

“குருநகர்ச் சங்கம், மண்ணெண்ணெய்ச் செலவிலை ஒரு சைபர் கூட. ரெண்டாயிரத்து இருபத்து மூண்டு, தை மாதம்” என்று வாசித்துவிட்டு டிலக்ஷன் நிமிர்ந்தான். “தை மாதம் நான் கனடாவிலை, ஸ்காபுரோவிலை பனி வழிச்சுக்கொண்டு நிண்டனான் சேர்.”

“ஷீற் உம்மடைதானே தம்பி” என்றாள் பத்மாசினி. குரல் பாதியிலேயே இறங்கிப்போயிற்று.

“ஷீற் கூட்டும் அக்கா. சைபர் போடாது.”

அவன் மிச்சத்தையும் கடைசி வரி வரை வாசித்தான். கோபப்படுவான், கத்துவான், நாலு பேச்சுப் பேசுவான் என்று சீவரத்தினம் காத்திருந்தார். பேசியிருந்தால் ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும்.

“சேர், என்ரை பிழை ஒண்டு இருக்கு. அது இதிலை இல்லை” என்றான். “பண்டத்தரிப்புச் சங்கத்திலை வருசக் கடைசிக் கொடுப்பனவுப் பட்டியல். பூரணம் எண்டு ஒரு அம்மாவின்ரை பேரை விட்டிட்டன். பிளேன் ஏறுறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம்தான் கண்டனான். சொல்லப் பயந்து போட்டன். நாலு வருசமா மனசுக்கை அரிச்சுக்கொண்டு கிடந்தது. நேற்று அவவின்ரை வீட்டை போய்க் காசைக் குடுத்திட்டுத்தான் வந்தனான். அதையும் எழுதுங்கோ.”

சீவரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்தொரு வருடச் சேவை. திருநீறு பூசாமல் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. இந்தப் பிள்ளை கண்டம் கடந்து வந்து, ஒருவரும் கேளாத பிழையைத் தன் தலையில் போடச் சொல்கிறான். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

“சேர்... அந்தச் சைபர் நான் போட்டது. இன்னும் இருக்கு. கொப்பியை இஞ்சாலை தாங்கோ.”

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பேனையைக் கொடுத்தார். சீவரத்தினம் டிலக்ஷனின் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஐந்தாவதில் பேனை நின்றது.

தொண்டைமானாற்றில் மீனுக்கு ஐஸ் விற்கிற வாடிக்காரரின் வரிப் படிவம். கடைசித் திகதி தவறி, தண்டம் மட்டும் ஒரு இலட்சத்து எண்பதாயிரம். மனிதர் பைல்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஷீற் திகதியைப் பிழையாகக் காட்டியது என்று அன்றைக்குச் சொன்னார் சீவரத்தினம். உண்மையில், மகளின் சாதகப் பொருத்தம் பார்க்க அவர் ஓடித் திரிந்த இரண்டு கிழமையும் அந்தப் படிவம் அவருடைய மேசை லாச்சிக்குள் பஞ்சாங்கத்துக்குக் கீழே கிடந்தது. ஆழ்வாப்பிள்ளை நம்பாமல் பார்த்தபோது, ‘நல்லூரானாணை’ என்று முருகன்மேல் சத்தியமும் செய்துவிட்டார். பொய்யைத் திருத்தலாம். சத்தியத்தை என்ன செய்வது? ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம்தான் இருந்தது.

பேனையைப் பத்மாசினியிடம் நீட்டினார்.

அவள் இரண்டுக்கு எழுதினாள், எழுதும்போது மூக்கை உறிஞ்சினாள். சூசைதாசன் மூன்றுக்கு எழுதினான். அவன் எழுதிய வேகத்தைப் பார்த்தால், வேறு யாரும் மனம் மாறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது போல இருந்தது.

ஆழ்வாப்பிள்ளை எண்ணினார். “ஒண்டு மிச்சம். தொண்டைமானாறு. இது ஆர்?”

பத்மாசினி சூசைதாசனைப் பார்த்தாள். சூசைதாசன் பத்மாசினியைப் பார்த்தான். சீவரத்தினம் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். ‘நான்’ என்று ஒரு சொல். அதை விட்டுத் திகதிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அது என்ரையாய்த்தான் இருக்கும் சேர்” என்றான் டிலக்ஷன். “திகதி போட்ட பகுதியை அவசரத்திலைதான் செய்தனான். பூரணம் அம்மாவின்ரையோடை ரெண்டு. விடுங்கோ.”

“ரெண்டெண்டால் எழுதலாம்” என்று ஆழ்வாப்பிள்ளை கொப்பியை மூடினார். “சீவரத்தினம், நீர்தான் கடிதத்தை அடியும்.”

சீவரத்தினம் அடித்தார். ‘இவரது சேவைக் காலத்தில் இரண்டு தவறுகள் மாத்திரமே இடம்பெற்றன’ என்ற வரியை அடிக்கும்போது விரல் தடுமாறி, மூன்று தரம் அழித்து அழித்து எழுதினார். அந்த இரண்டில் ஒன்றைக் குறைக்க அவருக்கு அரை நிமிடம் போதும். குறைக்கவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, உறையிலிட்டு, ஒட்டியும் கொடுத்தார்.

வழியனுப்பப் படிக்கட்டு வரை கூடப் போனார். டிலக்ஷன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, நீங்கள் எழும்பியிருக்காட்டில் ஒருத்தரும் எழும்பியிருக்க மாட்டினம். கடிதமும் கிடைச்சிராது. உங்கடை வயசுக்கு உப்பிடி எல்லாருக்கும் முன்னாலை ஒத்துக்கொள்ள ஒரு மனம் வேணும். நான் மறக்க மாட்டன்.”

கைகளை இழுத்துக்கொள்ள நினைத்தார். அவன் விடவில்லை. ‘தம்பி, நில்லும்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கண்களைப் பார்த்ததும், இத்தனை வருடம் பழகிய வாய் தன் பாட்டில் வேறொன்றைச் சொன்னது.

“பறவாயில்லைத் தம்பி. பிழை எல்லாருக்கும் வாறதுதானே. நீர் அதை யோசியாதையும்.”

“ஓம் அண்ணை” என்று சிரித்துவிட்டு அவன் இறங்கிப் போனான். தன் பிழைக்கு அவனையே மன்னித்துவிட்டது போலச் சொன்னது சீவரத்தினத்துக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. படியில் அப்படியே இருந்துவிட்டார். மேலே பத்மாசினி கூப்பிட்டாள். அவர் எழுந்து போக வெகுநேரம் பிடித்தது.