உள்ளே விழாத வாயு

சிரில் டெங்குவில் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் பாதியில் விட்டுப்போன ஆய்வுக்கட்டுரையை நான்தான் முடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆய்வகம், அடுத்தடுத்த மேஜை, தினமும் சண்டை. அவன் பெயரில் வரப்போகும் முதல் கட்டுரை அது, கடைசியும் அதுதான். வருஷப் பூசையன்று அவன் போட்டோ பக்கத்தில் அதை வைக்க வேண்டும் என்று அவன் அம்மா சாந்தகுமாரி ஆன்ட்டி காத்திருந்தார்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பெரிய கேலக்ஸிகளின் நடுவில் ராட்சதக் கருந்துளை இருக்கும். அதை நோக்கி விழும் வாயு சுழன்று சூடேறும். அந்தச் சக்தியில் இரண்டு பக்கமும் ஜெட் என்ற தாரை பீறிட்டுக் கேலக்ஸியையே தாண்டிப் பாயும். அந்தக் கருந்துளைக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதுதான் சிரிலின் கேள்வி. ஒரு கேலக்ஸியின் மையத்துக்கு முன்னால் குளிர்ந்த வாயுவைக் கண்டுபிடித்து, அது உள்ளே விழுகிறது என்று எழுதியிருந்தான். ரேடியோ வானியலில் வேகத்தைக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு, ஒரே வேகத்துக்கு இரண்டும் வேறு வேறு எண் தரும். கேலக்ஸிக்கு ஒரு முறையும் வாயுவுக்கு இன்னொரு முறையும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தொலைத்திருந்தான். ஒரே முறைக்கு மாற்றியதும் எல்லாம் தலைகீழானது. வாயு உள்ளே விழவில்லை. ஜெட்தான் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

முட்டாள் என்று வாய்விட்டுத் திட்டினேன். திருப்பிக் கத்த ஆள் இல்லை. அழுகை வந்துவிட்டது.

திருத்தி எழுதலாம்தான். ஆனால் முடிவுக்குச் சம்மதிக்காதவர் பெயரைக் கட்டுரையில் போடக்கூடாது. சிரில் கடைசிவரை "உள்ளேதான் விழுது" என்று மேஜையைத் தட்டியவன். செத்தவனிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது? பெயரை எடுத்துவிட்டு ஆன்ட்டி முகத்தில் எப்படி விழிப்பது?

பிரேசர் டவுனில் ஆன்ட்டி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அவன் பேர் வராதா வைஷ்ணவி?"

"இதுக்கு அவன் ஒத்துக்கிட்டிருப்பானான்னு தெரியல ஆன்ட்டி. அதைக் கேக்கத்தான் வந்தேன்."



"ஒத்துக்க மாட்டான்" என்றார் ஆன்ட்டி.

எழுந்திருக்கப் போனேன், ஆன்ட்டி மேலே பேசினார்.

"என்கிட்ட எதுக்குமே ஒத்துக்கிட்டதில்ல. கத்துவான், கதவைச் சாத்திக்குவான். மறுநாள் காபி குடிக்க வர்றப்போ, நான் சொன்னதையே தானே கண்டுபிடிச்ச மாதிரி எனக்கே சொல்லித் தருவான்."

என்னிடமும் அதையேதான் செய்வான். தலையாட்டினேன்.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே எழுதிடும்மா. அவனே கண்டுபிடிச்ச மாதிரி."