இடப்பக்கத்து நட்டுகள்

அந்த லாரியை இழுத்து வந்து பட்டறை வாசலில் இறக்கியபோதே சதாசிவம் அதை அடையாளம் கண்டுகொண்டார். நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவர்தான் மெக்கானிக். அந்த பெட்போர்ட் லாரியில் அவர் கை படாத ஆணி கிடையாது. வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்வது அவருக்குப் பழகிப்போன காரியம்.

லாரியை வாங்கியவர் வாலண்டைன், ஜோகூர் பாருவில் பல் டாக்டர். தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். ஆள் தங்கம்தான், ஆனால் பிடிவாதக்காரர். எந்தச் சாமானும் அசலாக இருக்க வேண்டும், அதுவும் அந்த மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை தவறாமல் பழைய பார்ட்ஸ் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளுவாங்கில் இருக்கும் சதாசிவத்தின் பட்டறைக்கு வந்துவிடுவார். கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவி, அதில் அடித்திருக்கும் நம்பரைத் தேடி, புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டு அளந்து பார்ப்பார்கள். சரியாக இருந்தால் வெள்ளைச் சாயத்தில் ஒரு பொட்டு, மாற்ற வேண்டியதென்றால் சிவப்புப் பொட்டு. சிகாமட் இரும்புக் கடையில் அலைந்து பிடித்த கார்புரேட்டரையே, ஒரு துவாரம் சின்னதாக இருக்கிறது, இது வேறு மாடல் என்று திருப்பி அனுப்பிய மனுஷன் அவர்.

இடப்பக்க முன் சக்கரத்தைக் கழற்றுவதை மட்டும் சதாசிவம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது மாதம் வாலண்டைன் தானே அதைக் கழற்றிவிட்டார். சக்கரத்து நட்டுகள் ஏறும் எட்டு ஸ்டட் போல்ட்டுகளும் வெளியே தெரிந்தன.

"அங்கிள், இத பாருங்களேன். புக்ல லெஃப்ட் சைடு ஸ்டட்டுக்கு வேற நம்பர் போட்டிருக்கு. முனையில 'எல்'னு அடிச்சிருக்கணுமாம். இதுல ஒண்ணுமே இல்ல. எட்டும் ரைட் சைடு சாமான். யாரு இப்படி மாட்டி வச்சது?"

"தெரியல தம்பி. எவனாவது அவசரத்துக்கு மாட்டியிருப்பான்."

"டேஞ்சர் லா இது."

அது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று சதாசிவத்துக்கா தெரியாது? அந்தக் காலத்து லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழாக இருக்கும். சக்கரம் உருள உருள நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். வலப்பக்கம் முடுக்குவதற்கு நேர் எதிர்த்திசையில் இடப்பக்கம் முடுக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம்.

அந்த 'எவனாவது' அவர்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஸ்டட்டுகள் தேய்ந்துபோயிருந்தன. இடப்பக்கச் சாமான் சிங்கப்பூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். செம்பனைக் குலைகள் வெட்டிக் குவிந்து கிடந்தன. திங்கட்கிழமை லாரி ஓடியே தீர வேண்டும் என்று மேனேஜர் குதித்தார். மூலையில் கிடந்த உடைசல் லாரியின் வலப்பக்கத்திலிருந்து எட்டு ஸ்டட்டையும் நட்டோடு கழற்றி மாட்டினார். ஒரு வாரம்தானே என்று நினைத்துக்கொண்டார். டிரைவர் காளியப்பன் சாவி வாங்க வந்தபோது, "இப்பத்தான் மாட்டியிருக்கு அண்ணே, காலையில ஒரு தடவ முடுக்கிட்டு எடுங்க" என்றார். சக்கரம் மாட்டினால் எப்போதும் சொல்கிற வார்த்தைதான். எந்தத் திசையில் முடுக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் எட்டாவது மைலில் சக்கரம் கழன்று லாரி கால்வாயில் பாய்ந்தது. டிரைவருக்கு உதவியாளாக, கெலிண்டானாக, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ரூபேந்திரன் அங்கேயே செத்துப்போனான். இருபத்திரண்டு வயசு. காளியப்பனின் மனைவி செல்லத்துக்கு ஒரே தம்பி.

விசாரணையில் காளியப்பன் சொன்னதைச் சதாசிவம் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார். "எட்டையும் முடுக்கினேங்க. ஸ்பேனர் மேல ஏறி நின்னு முடுக்கினேன். ஒவ்வொண்ணும் கால் சுத்து நகர்ந்துச்சு." கேட்டதுமே சதாசிவத்துக்குப் புரிந்துவிட்டது. பாவி மனுஷன் பழக்கப்படி எதிர்த்திசையில் மிதித்து எட்டையும் அவிழ்த்திருக்கிறார். புதிதாக மாட்டியது நகரத்தானே செய்யும் என்று நம்பியிருக்கிறார். முடுக்கியிருந்தால் எப்படிக் கழலும் என்று மேனேஜர் கேட்டார். முடுக்கினேங்க என்பதையே காளியப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதி மூடினார்கள். லாரியை ஸ்டோருக்குப் பின்னால் இழுத்துப் போடுவதற்கு அந்தச் சக்கரத்தைத் திரும்ப மாட்டியவரும் சதாசிவம்தான். கைக்குழந்தை இருக்கிறது, வேலை போய்விடும் என்றெல்லாம் அப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எல்லாம் சும்மா. பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

இப்போது பட்டறையில் சதாசிவம் அந்த எட்டுக்கும் சிவப்புப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். ஐந்தாவது ஸ்டட்டோடு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"நான்தான் மாட்டினேன் தம்பி. ஒரு உயிரு போச்சு" என்றார். வாலண்டைன் புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள் சதாசிவம் ஒரு ஸ்டட்டையும் நட்டையும் துணியில் சுற்றிக்கொண்டு காளியப்பனைத் தேடிக் காஹாங்குக்குப் போனார். அந்த விபத்துக்குப் பிறகு காளியப்பன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. புல் வெட்டியே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது தனியாள். நாலு வருஷத்துக்கு முன்னால் செல்லம் செத்தபோது சதாசிவமும் வந்து, கும்பிட்டுவிட்டு, பேசாமல் திரும்பிப் போனவர்தான்.

இன்று எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். காளியப்பன் நட்டை ஸ்டட்டில் மாட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் முடுக்கித்தான் இருக்கேன்."

"ஆமா அண்ணே. நீங்க எப்பவும் போலத்தான் செஞ்சீங்க. தப்பு என்னோடது."

"எனக்கே சந்தேகமாப் போச்சு சிவம். நாளாக நாளாக, முடுக்காமலே எடுத்துட்டேன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்." நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "செல்லம் மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பா, நீங்க முடுக்கியிருப்பீங்க, எனக்குத் தெரியும்னு. தம்பியப் பறிகொடுத்தவ சொல்றா. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றான்னு நெனச்சேன். ஒரு நாள், பொய் சொல்லாதடின்னு அடிச்சுட்டேன். அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் அவ அந்தப் பேச்சையே எடுக்கல."

சதாசிவம் காலில் விழக் குனிந்தார். காளியப்பன் அவரைத் தொடாமல், வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார்.

"எங்கிட்ட மன்னிப்பு கேக்காத. அவ சாவுறதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தா, நான் அவகிட்ட கேட்டிருப்பேன்."