கடைசி ஐம்பது அடி

இருக்கை பின்னால் தள்ளியிருந்தது. அவள் உட்கார்ந்தபோது கால் பெடலை எட்டவில்லை. சிமுலேட்டர் என்ற பயிற்சிப் பெட்டிக்குள் ஏறுகிற எந்த விமானியும் முதலில் செய்வது இருக்கையைத் தன் உயரத்துக்கு நகர்த்திக்கொள்வதுதான். அதுவரை முன்பு உட்கார்ந்தவரின் அளவு அதில் மிச்சமிருக்கும், அடுத்தவர் செருப்பில் கால் நுழைத்ததுபோல. இந்த அளவு நல்ல உயரமான ஆளுடையது.

"எனக்கு முன்னாடி இதுல யாரு உட்கார்ந்தது?" என்றாள்.

"சீஃப்தான் மேடம். காலைல ஒரு தடவை சரிபார்த்தாரு" என்றார் பின்னால் திரைகளுக்கு முன் இருந்த ஆபரேட்டர்.

சீஃப் என்று எல்லோரும் அழைக்கும் தலைமை விமானி ஆபரேட்டரின் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவள் காது உயரம்தான் இருப்பார். "நானா? நான் இவ்ளோ பின்னாடி உட்கார்ந்தா எனக்குக் கண்ணாடியே தெரியாதேம்மா" என்று சிரித்தார். வலப்பக்க இருக்கையில் இருந்த இளம் துணை விமானி சிரிக்கலாமா என்று அவளைப் பார்த்துவிட்டு, பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அவளுக்குத் தெரிந்து கம்பெனியில் அவ்வளவு பின்னால் தள்ளி உட்காருகிறவன் ஒருவன்தான் இருந்தான். அவளோடு ஒரே பேட்ச்சில் பயிற்சி முடித்தவன். வகுப்பு, பஸ், முடிவெட்டும் கடை என்று உட்கார்ந்த இடத்திலெல்லாம் கண்ணயர்ந்துவிடுவான் என்பதால் அப்போதே தூங்குமூஞ்சி என்று பெயர். கேப்டன் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போன மழைக்காலத்தில் அவன் ஓட்டிவந்த விமானம் ஓடுதளத்தைத் தாண்டி வயலுக்குள் இறங்கியது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். அன்றைய துணை விமானி பிழைத்தான், எதுவும் ஞாபகமில்லை என்கிறான். மூக்குப் பக்கம்தான் மோதியது, அதுவும் கேப்டன் உட்காரும் இடது பக்கம்.

பதிவுக் கருவியில் எல்லாம் இருந்தது. தரைக்கு ஐம்பது அடி இருக்கும்போது மழை திரைபோல விழுந்து ஓடுதளம் மறைந்துவிட்டது. அந்த நிலையில் செய்யவேண்டியது ஒன்றுதான், இயந்திர வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முன்னே தள்ளி மறுபடி மேலே ஏறிவிடுவது. கோ-அரவுண்ட் என்பார்கள். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். விமானத்தின் இயந்திரக் குரல் ஐம்பது, நாற்பது, முப்பது என்று உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. அவன் கை த்ராட்டில்மேல் இருந்தது. அசையவில்லை.

விபத்து நடந்த அன்று மதியம் பணியாளர் பஸ்ஸில் அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதிசயமாகத் தூங்கவில்லை. "முடியலடி" என்றான். "வரலன்னு சொல்லிடு" என்றாள். "சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. போன மாசம் சொன்னதுக்கே இன்னும் விளக்கம் கேட்டுட்டு இருக்காங்க. வீட்ல கொழந்த அழுதுச்சான்னு கேக்குறாங்கடி, என்னமோ நான் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி." அதன்பிறகு இருவரும் வேறு வேறு விமானத்துக்கு நடந்தார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் சங்கம் என்ற பேச்சு எழுந்தது. களைப்பாக இருக்கிறேன் என்று ஒரு விமானி சொன்னால் அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதுதான் அடிப்படை. சொன்னவனுக்கே என்றது சங்கம் கேட்ட கூட்டம். நிர்வாகம் மறுக்கவில்லை. நமக்குள்ளேயே ஒரு கமிட்டி வைத்துக்கொள்ளலாம், விமானிகளே இருப்பார்கள், எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்றது. அதற்குக் கமிட்டி தகுதியானதா என்று பார்க்க, தூங்குமூஞ்சியின் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னது. அதனால்தான் இந்தச் சோதனை. அதே மழை, அதே காற்று, அதே ஓடுதளம். ஏற்கெனவே ஓட்டிய விமானிகள் எல்லோரும் தப்பித்து மேலே ஏறிவிட்டார்கள். இவளும் ஏறிவிட்டால் கமிட்டி எழுதப்போவது ஒரே வரி. விமானியின் தவறு.

காலையில் கேன்டீனில் அதைப் பற்றித்தான் பேச்சு. பயிற்சி நாட்களிலிருந்தே எங்கே கூட்டம் சேர்ந்தாலும் பேச எழுந்துவிடும் மைக் என்று பட்டப்பெயர் பெற்றவன்தான் சங்கத்துக்காக நின்றான்.

"கமிட்டின்னா என்ன? நம்ம ஆளுங்க நாலு பேரு. நாற்காலி அவங்களது, டீ அவங்களது, பிஸ்கட் அவங்களது. கடைசில நம்ம தலைல நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணும், அவ்ளோதான்."

ஓய்வுபெற ஒரு வருஷமே இருந்த பெரிய கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்காகக் கொடி புடிக்கச் சொல்றியா? யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு ஒழிகங்கணுமா? போன மாசம்தான் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிருக்கேன். சம்பந்தி அந்த வழியா வந்தா என்னடா நெனைப்பாரு? சங்கமெல்லாம் மூட்டை தூக்குறவங்களுக்குப்பா."

"நீங்க மட்டும் என்னண்ணே தூக்குறீங்க? அதே மூட்டைதான். கை கால் முளைச்சது."

மேசை முழுக்கச் சிரித்தது. பெரிய கேப்டனும் சிரித்தார். பிறகு, "அவன் நல்லவன்தான். ஆனா பேரே தூங்குமூஞ்சி. கேக்குறவன் என்ன சொல்லுவான்?" என்றார். சிரிப்பு அப்படியே நின்றது. அந்தப் பெயரை யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இவள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தூங்குமூஞ்சியின் மனைவி போனில் பேசியிருந்தாள். "நீதான் ஓட்டப் போறியாமே." ஆமாம் என்றாள் இவள். பின்னணியில் மகள் ஏதோ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. "இவ என்னைக்காவது கேப்பா, அப்பாதான் தப்புப் பண்ணினாரான்னு" என்றாள் அவன் மனைவி. பிறகு, வைக்கப்போகும்போது, "ரொம்ப நல்லா ஓட்டிடாதடி" என்றாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவள்போல உடனே வைத்துவிட்டாள்.

அதற்காகவேதான் இவள் முன்பே ஒத்துக்கொண்டிருந்தாள். கையை அசைக்காமல் இருந்துவிட்டால் போதும்.

சிமுலேட்டர் தன் ஆறு கால்களில் எழுந்தது. இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டாள். மேகம், மழை, கீழே மங்கலாக விளக்குகள். ஐம்பது என்றது குரல். மழை விழுந்தது. நாற்பது. அவள் கையைப் பார்க்கவில்லை. விமானத்தின் மூக்கு மேலே எழுந்தது. துணை விமானி ஏறுகிறோம் என்பதை அதற்குரிய வார்த்தையில் சொன்னான். வலதுகை த்ராட்டிலை முழுக்க முன்னே தள்ளியிருந்தது. அவள் தள்ளவில்லை, அது தள்ளியிருந்தது.

"பாத்தியாம்மா" என்றார் சீஃப். குரலில் வெற்றி இல்லை. உண்மையிலேயே வருத்தம்தான் இருந்தது. அவரும் அவனோடு ஓட்டியவர்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதேதான். இந்த முறை விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். முப்பது என்று கேட்டதும் பல வருஷங்களாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கை, அவளைக் கேட்காமல், சூடு பட்டால் இழுத்துக்கொள்வதுபோல, செய்துவிட்டது.

"சீஃப், எனக்கு எதுக்கு மூணு நாள் லீவு குடுத்தீங்க?"

"களைச்சுப்போன ஆளை சிமுலேட்டர்ல சோதிக்கக் கூடாதும்மா. விதி."

"அவனுக்குக் குடுக்காத தூக்கத்தை எனக்குக் குடுத்திருக்கீங்க."

ஆபரேட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒரு தடவை" என்றாள். நெம்புகோலை அழுத்தி இருக்கையைப் பின்னால் தள்ளினாள், வந்தபோது இருந்த இடத்துக்கே. கால்கள் பெடலில் நுனியால் மட்டும் பட்டன. கண்ணாடிக்கு வெளியே தெரியவேண்டியதில் பாதி தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து அவனுக்கு உலகம் இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தாள். இல்லை, அவனுக்கு எல்லாமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே இருந்திருக்கும். விமானம் இறங்கத் தொடங்கியதும் இடதுகையை மட்டும் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு வலதுகையைத் தொடைக்கு அடியில் திணித்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"மேடம்?" என்றான் துணை விமானி.

"எதையும் தொடாத."

ஐம்பது. மழை விழுந்தது. நாற்பது. தொடைக்கு அடியில் கை துடித்தது, பிடித்துவைத்த பிராணிபோல. முப்பது. தூங்குமூஞ்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்குவதற்கு முன் விமானத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடச் சரியாகக் கேட்காதபடி, "எறங்கலாமா?" என்பான். அவளுக்கு அது கேட்டது. மிகத் தெளிவாக, களைத்த குரலில். துணை விமானி திரும்பிப் பார்த்ததில்தான், பேசியது தன் வாய் என்று தெரிந்தது.

இருபதுக்குப் பிறகு எண்கள் வரவில்லை. ஒரு உலுக்கல். திரை உறைந்தது. நீரும் புல்லும் கலந்த ஒரு பச்சை, கண்ணாடி முழுக்க. பெட்டி தன் கால்களில் மெதுவாகத் தாழ்ந்து நின்றது.

அவள் எழவில்லை. ஆபரேட்டர் திரையை மாற்றப் போனபோது, "இருக்கட்டும்" என்றாள். சீஃப் வந்து அவள் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது கணக்குல வராதும்மா. நீ வேணும்னே பண்ணது" என்றார்.

"தெரியும். அவன் வேணும்னே பண்ணலை. அதுவும் கணக்குல வரலை."

"வெளில எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

அவர் அப்படியேதான் சொன்னார். சிமுலேட்டர் கூடத்தை ஒட்டிய கண்ணாடி வகுப்பறையில் விமானிகள் பாதிப்பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். அவளைக் காட்டி, இரண்டு முறை கேப்டன் மேலே ஏறினார், மூன்றாவதில் கையை எடுத்துவிட்டார், அதைச் சேர்க்க முடியாது என்றார் சீஃப். பெரிய கேப்டன் தலையாட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து வலதுகையை மேசைமேல் வைத்தாள்.

"நீயே சொல்லு" என்றான் மைக். அவனுக்கே உரிய உரத்த குரல் இல்லை. "வேற யாரா இருந்தாலும் காப்பாத்திருப்பாங்களா?"

"நல்லா தூங்கிட்டு வந்திருந்தா" என்றாள்.

பின்னால் யாரோ இருமினார்கள். மைக், சீஃப் ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்ததுபோல அவரைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "சரி. சங்கம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

பின்வரிசைகளில் சட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. எத்தனை என்று தெரியவில்லை, அவள் திரும்பவில்லை. தன்னைப் பார்த்துவிட்டு முடிவு செய்யப் பலர் காத்திருக்கிறார்கள் என்பது முதுகில் தெரிந்தது. பெரிய கேப்டன் பக்கத்து நாற்காலியில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவளுடைய வலதுகை மேசைமேல் கிடந்தது. வெகுநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்ததில் மரத்துப்போயிருந்தது. இருக்கைத் துணியின் நெசவு புறங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. தூக்க நினைத்தாள். அது கேட்கவில்லை. யாருடையதோ போல, வெளிச்சத்தில், விரல்கள் லேசாக மடங்கி, எதையோ பிடித்திருந்த நிலையிலேயே கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஆபரேட்டர் விளக்கை அணைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். ஆளில்லாத பெட்டி தன் கால்களில் ஒருமுறை மெல்ல அசைந்து அடங்கியது. சுண்டுவிரலில், உணர்வு திரும்பும் முதல் ஊசி குத்தியது. அவள் காத்திருந்தாள்.