மகளாகவே கேட்டது

மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது வெளிநாட்டில் சமூகப் பணியாளராக இருக்கும் அவளுக்கு விதி. அப்படி அவளுக்கு அமைந்த மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் ஒரே பாட்டு: "அந்தம்மா உங்களை மகளேன்னு கூப்பிடறாங்க, நீங்களும் விடறீங்க. எல்லை மீறுது."

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அந்தத் தமிழ் அம்மாவை அவள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்தாள். அம்மா "வா மகளே" என்பார். மகன் "அக்கா" என்பான். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? நாளடைவில் மேற்பார்வையாளரிடம் எதையும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வரப் பழகிக்கொண்டாள். அது ஆபத்து என்று அவளுக்கே உறைத்தது. வேறு மேற்பார்வையாளரைத் தேடினாள்.

"பொண்ணு பார்க்கிற மாதிரியில்ல பார்க்கிறே!" என்று கணவன் சிரித்தான்.

முதலில் போய்ப் பார்த்தவர் தமிழ்ச் சமூகத்தைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி எடுத்தவராம். அவள் குடும்பம் எப்படிப்பட்டது என்று அவளுக்கே விளக்கினார். அடுத்தவர் தமிழர். பாதி சொல்வதற்குள், "விடு தங்கச்சி, நம்ம ஆளுங்க அப்படித்தான்," என்று முடித்துவிட்டார். கேட்க இதமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான், அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று பட்டது.

மூன்றாமவர் முப்பது வருடம் செவிலியராக இருந்தவர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது; பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தரையில் இறக்கிவைத்து இடம் கொடுத்தார்.

"மகள்னு கூப்பிட்டா உங்க வழக்கத்துல என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

அவள் அரைமணி நேரம் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்: "மகளா ஆனதால, அந்தம்மாகிட்ட நீங்க கேட்காம விட்டது ஏதாவது இருக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அம்மா இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே வந்தார். கேட்டபோதெல்லாம் மகன்தான் பதில் சொன்னான்: "அம்மா நல்லாச் சாப்பிடறாங்க அக்கா." தனியாகக் கேட்டதே இல்லை.

"பெத்த மகனை எப்படிங்க வெளிய போகச் சொல்றது?"

"ஒரு மகள் எப்படிச் சொல்வா?"

அடுத்த வாரம் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு, "தம்பி, அம்மாவுக்குத் தலை வாரிவிடறேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் இருங்க," என்றாள். அவன் மறுபேச்சு இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

சிக்கெடுத்துக்கொண்டே, "அம்மா, சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டாள்.

அம்மா சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டார். "தொண்டையில அடைக்குது. இருமினா மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கு. அதான் ரெண்டு வாயோட நிறுத்திக்கிறேன். அவன்கிட்ட சொல்லிடாதே. வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவான்."

"சொல்லாம இருக்க முடியாதும்மா. ஆனா நான் சொல்லப்போறதில்லை, நீங்களே சொல்லுங்க. நான் கூட இருக்கேன்."

அன்றே சொன்னார்கள். மகன் முகம் சுண்டிப்போனது. "என்கிட்ட சொல்லக்கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டான். விழுங்கும் சிரமத்துக்குச் சிகிச்சை தருபவர் வந்து பார்த்தார். நிமிர்ந்து உட்காரவைத்து, குழையப் பிசைந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னார். மகன் வேலையை விடவில்லை; வேலைநேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டான். ஒரு மாதத்தில் அம்மாவின் எடை ஒன்றரைக் கிலோ கூடியது.

அடுத்த சந்திப்பில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தன் தவறு உட்பட. செவிலியர் கேட்டுக்கொண்டு, "சரி, வேற யாரைப் பத்திப் பேசணும்?" என்றார். அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது.