இருபது டோக்கன், பதினைந்து பேர்

தேர்வு பத்து மணிக்கு. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதினைந்து மாணவர்கள் வரையத் தயாராகிவிட்டார்கள். மீதி ஐந்து பேரின் திரையில் மட்டும் ‘இடம் காலியில்லை’ என்ற வரி அசையாமல் நின்றது.

ஆய்வகப் பொறுப்பாளர் அந்த ஐந்து திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த ஏற்பாடு அவள் அடம்பிடித்து வாங்கியது. முன்பு வரைபட மென்பொருள் எட்டுக் கணினிகளில் மட்டும், தனித்தனியாக ஏற்றப்பட்டிருந்தது. அதனால் தேர்வு மூன்று தவணையாக நாள் முழுக்க இழுக்கும். இப்போது மென்பொருள் இருப்பது சர்வர் என்கிற ஒரே பெட்டியில்தான். இரண்டு அறைகளிலும் உள்ள நாற்பது கணினிகளில் எதில் உட்கார்ந்தாலும் கம்பி வழியாக அதைத் திறந்துகொள்ளலாம். ஆனால் ஒரே சமயத்தில் இருபது பேர்தான் திறக்க முடியும். சர்வரின் கையில் இருபது டோக்கன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திறப்பவருக்கு ஒன்று கொடுக்கும். அவர் மூடியதும் அதைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும். தேர்வு எழுதுவதும் இருபது பேர்தான்.

வரைபட ஆசிரியருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. அவர் அவளுடைய அக்கா கணவர். வீட்டில் அத்தான், இங்கே சார். இன்று ஒருவர் உட்கார முடியாமல் போனாலும் பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்று கல்லூரி முதல்வரிடம் சம்மதம் வாங்கி வைத்திருந்தார்.

“ஒரே குழாய்ல ஊரே தண்ணி பிடிச்சா இப்படித்தாம்மா” என்றார், குரலில் கொஞ்சம் திருப்தியோடு.

அவள் சர்வரில் பட்டியலைத் திறந்தாள். எந்தெந்தக் கணினியிடம் டோக்கன் இருக்கிறது என்று அது காட்டும். பதினைந்து இந்த அறையில். மற்ற ஐந்தும் பக்கத்து அறையில், இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து வரை. அந்த அறையோ பூட்டிக் கிடந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவரும் பின்னாலேயே வந்தார். உள்ளே ஆளில்லை, எல்லாத் திரைகளும் இருண்டிருந்தன. ஆனால் ஐந்து கணினிகளில் மட்டும் சின்ன விளக்கு எரிந்தது. முதல் திரையின் பொத்தானை அழுத்தினாள். பாதி வரைந்த ஒரு நாற்காலி. அடுத்ததிலும் அதே நாற்காலி.

ஆசிரியர் பின்கழுத்தைச் சொறிந்தார். எல்லாக் கணினியிலும் ஒழுங்காகத் திறக்கிறதா என்று நேற்று மாலை அவர்தான் வந்து பார்த்திருக்கிறார். திறந்ததாம். ஐந்தோடு போதும் என்று கிளம்பிவிட்டாராம்.

“கிளம்பறப்ப மூடலையா?”

“அணைச்சேனே. நீதானே எழுதி ஒட்டியிருக்க?” என்று சுவரைக் காட்டினார். அங்கே அவள் கையெழுத்தில், கொட்டை எழுத்தில்: ‘போகும்போது திரையை அணைக்கவும்.’

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரையை அணைப்பது கண்ணை மூடிக்கொள்வது மாதிரி. கையில் பிடித்திருப்பது கையிலேயேதான் இருக்கும்.

“அத்தான், என் ஏற்பாடு தேறுதான்னு பார்க்க வந்து அஞ்சு டோக்கனை நீங்களே முழுங்கிட்டீங்க.”

அவர் இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த வாசலில் போய் நின்றுகொண்டார். அவள் ஒவ்வொன்றாக மென்பொருளை மூட, அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, “வந்துடுச்சு, அடுத்தது” என்று ஐந்து முறை சொன்னார். ஐந்தாவது வந்தபோது பத்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, நாற்காலிப் படத்தை அவள் சேமிக்காமல் மூடிவிட்டது அவருக்கு நினைவு வந்தது. மறுபடி வரையலாம் என்று தன் மேசைக் கணினியில் மென்பொருளைத் திறந்தார். இடம் காலியில்லை.

“யாராவது முடிக்கட்டும், சார்” என்றாள் அவள்.

கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைசி வரிசையில் ஒரு பெண் படத்தைச் சேமித்து, மென்பொருளை மூடிவிட்டு எழுந்தாள். அடுத்த நொடியே அவருடைய திரை திறந்தது.

பிறகு தொலைபேசியை எடுத்து முதல்வரிடம், பழைய முறை வேண்டாம், ஆனால் அடுத்த வருடத்துக்கு இருபத்தொரு டோக்கன் வேண்டும் என்றார்.