ஆர்டர் தஹான்

உலகப் பொருளாதாரம் எப்போது தலைதூக்கும் என்று எங்கள் தொழிற்பேட்டை பாயான் லெப்பாஸில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் வாய் திறக்க அனுமதி இல்லை. சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். எந்த நாட்டிலிருந்து ஆர்டர் வருகிறது, எது நிற்கிறது என்பதெல்லாம் முதலில் என் கணினிக்குத்தான் வரும். அதை உற்பத்தி லைனில் வேலை செய்பவர்களிடம் சொன்னால் என் சீட்டுக் கிழிந்துவிடும். இருபது வருடமாக வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம்.

மந்தம் தொடங்கி இரண்டாம் வருடம் அது. தலைமையகம் மாதாமாதம் ஒரு வரைபடம் அனுப்பும். உலக வர்த்தகத்தின் கோடு இந்த மாதம் வரை சரிந்துவந்து, அடுத்த மாதத்திலிருந்து மேலே ஏறும். அடுத்த மாதம் வந்ததும் அந்த ஏற்றம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். எங்கள் மேலாளர் அதை ஞாயிறு பூசை வாசகம் மாதிரி பயபக்தியோடு படிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் வி.எஸ்.எஸ். அறிவித்தார்கள். தாமாக வேலையை விடுகிறவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு. விண்ணப்பப் பாரம் கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம். அதன்பிறகு கம்பெனியே ஆளைக் குறைத்தால், சட்டம் சொல்கிற குறைந்தபட்சம்தான் கிடைக்கும்.

புதன்கிழமை காலை கேண்டீனில் காமினி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பாகான் டாலாமிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் கடற்பாலம் தாண்டி வருகிறவள். பத்தொன்பது வருடமாக ஒரே லைன். கணவன் யுகேந்திரன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். துறைமுகத்தில் சரக்கு குறைந்ததிலிருந்து வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான். இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"ஐரீன் அக்கா, பாரம் எழுதி பேக்லயே வெச்சிருக்கேன். குடுக்கவா, வேணாமா? ஜெர்மன் ஆர்டர் என்னாச்சு? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கலா."

அந்த ஆர்டரை நிறுத்திவைப்பதாக முந்தின நாள்தான் மின்னஞ்சல் வந்திருந்தது. அவளுடைய லைன் முழுவதும் அதை நம்பித்தான் ஓடியது. பக்கத்து மேசையில் சூப்பர்வைசர் இருந்தார். நான் தேநீரைக் கலக்குவதுபோலக் குனிந்துகொண்டு, மலாயில் "தஹான்" என்றேன்.

"முருகா," என்றாள் காமினி. என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு வேலைக்கு ஓடினாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மனிதவளப் பிரிவு ரோஹானா சிரித்துக்கொண்டே வந்தாள். "காமினி பாரத்த கிழிச்சிப் போட்டுட்டா, தெரியுமா? ஆர்டர் தஹானாம், பயமே இல்லையாம். யாரோ சொன்னாங்களாம். யாரு அந்தப் புண்ணியவதி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போலீஸ் ஒருவனைப் பிடித்து வைத்தாலும் தஹான்தான். ஒரு பொருள் கெடாமல் தாங்கினாலும் தஹான்தான். "பிடித்து வைத்துவிட்டார்கள்" என்ற பொருளில் நான் சொன்னேன். "தாங்கும்" என்று அவள் எடுத்துக்கொண்டாள். நல்ல தமிழில் "நின்னுபோச்சு" என்று சொல்லத் துப்பில்லாமல், தப்பித்துக்கொள்ள ஒரு மலாய்ச் சொல்லைத் தேடியவள் நான்.

வீட்டில் என் கணவர் பெஞ்சமினிடம் சொன்னேன். "நீ பொய்யா சொன்ன? அவ தப்பா வெளங்கிக்கிட்டா. உன் வேலைய பாரு," என்றார். அவர் சொன்னது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அந்த வசதியே என்னை அறுத்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு லைனுக்கே இறங்கிப்போனேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அவளை ஓரமாக அழைத்தேன்.

"காமினி, ஆர்டர் தாங்கும்னு நான் சொல்லல. நிறுத்தி வெச்சிட்டாங்க. போய் வேற பாரம் வாங்கிக் குடு."

"நிச்சயமாவாக்கா? இனிமே வராதா?"

"வராது. நிச்சயம்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது வாரம் ஜெர்மன்காரர்கள் திரும்பி வந்தார்கள், முன்பைவிடப் பெரிய ஆர்டரோடு. ஏன் நிறுத்தினார்கள், ஏன் திறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாழாய்ப்போன வரைபடம் வாழ்நாளில் ஒருமுறை சரியாகிவிட்டது. ஆள் குறைப்பே நடக்கவில்லை. பாரம் கொடுக்காதவர்கள் எல்லாரும் அப்படியே வேலையில் இருந்தார்கள்.

போன சனிக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு வாங்க வரிசையில் நின்றபோது காமினி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நம்ம லைன் திரும்ப ஓடுதாமே?"

"ஓடுது."

"ஓவர்டைம்கூட இருக்காமே?"

"இருக்கு."

"ஆளு எடுக்குறாங்களா?" குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். வைத்துக்கொள்ள முடியவில்லை.

"எடுக்குறாங்க. ஏஜண்ட் மூலமா, காண்ட்ராக்ட்ல. வி.எஸ்.எஸ். வாங்குனவங்கள எடுக்க மாட்டாங்க, காமினி."

"சரிக்கா. அவருகிட்ட சொல்லிடறேன். தெனமும் கேட்டுக்கிட்டே இருக்காரு," என்றாள்.

"நீ மொதல்ல வெளங்கிக்கிட்டதுதான் சரியா போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

"சேச்சே, நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க," என்று போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளதைச் சொன்னேனா? ஆர்டர் நின்றது உண்மை. அதை அவளிடம் சொன்னது சரி. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது என்பதும் உண்மைதான். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவே இல்லை.